தோற்ற ஜப்பான் எப்படிப் பிழைத்தது: வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் மாலை நேரத்தில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு பேட்சிலும் எழுத்துகள் ஓரளவு பிடிபட்டதும் யாராவது ஒருவர், "அணுகுண்டு போட்டும் எழுந்து நின்னாங்களே சார்" என்று ஆரம்பிப்பார். அப்புறம் அன்றைய வகுப்பு இலக்கணத்துக்குத் திரும்பாது. அப்படி வந்த கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிவைத்திருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் மறுபடி சொல்லவில்லை, அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

சார், ஜப்பான் சரணடைஞ்ச தேதி எது? ஒவ்வொரு புத்தகத்துல ஒவ்வொண்ணு போட்டிருக்கு.

1945 ஆகஸ்ட் 14 அன்று, சரணடையச் சொல்லி நேச நாடுகள் விடுத்த போட்ஸ்டாம் பிரகடனத்தை ஏற்பதாக ஜப்பான் நேச நாடுகளுக்குத் தெரிவித்தது. மறுநாள் 15-ஆம் தேதி நண்பகலில் பேரரசர் ஹிரோஹிட்டோ அதை வானொலியில் மக்களுக்கு அறிவித்தார். செப்டம்பர் 2 அன்று டோக்கியோ விரிகுடாவில் நின்ற மிசௌரி என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் கையெழுத்தானது. எதைச் சரணடைந்த நாள் என்கிறோம் என்பதைப் பொறுத்து மூன்றுமே சரி. ஜப்பானில் நினைவுநாள் ஆகஸ்ட் 15.

மொழி படிக்க வந்தவர்களுக்கு ஒரு கொசுறு. அந்த நாளைச் சொல்ல அங்கே இரண்டு சொற்கள் இருக்கின்றன. 'ஷூசென்' என்றால் போர் முடிவு, 'ஹாய்சென்' என்றால் போரில் தோல்வி. பொதுப் பேச்சில் முதல் சொல்தான் அதிகம் புழங்கும். நாட்டைப் பிடித்து உட்கார்ந்த அந்நியப் படையைக்கூட 'ஷின்சூகுன்', அதாவது வந்து தங்கியிருக்கும் படை என்றுதான் அழைத்தார்கள். துக்க வீட்டில் நாம் 'தவறிட்டார்' என்கிறோமே, அந்த மாதிரி.

ராஜாவே ரேடியோல பேசினாராமே, கேட்டுட்டு ஊரே அழுததாமே?

பேசினார், ஆனால் நேரலையில் இல்லை. முந்தைய இரவே அரண்மனை வளாகத்தில் இசைத்தட்டில் பதிவு செய்தார்கள். சரணடையக்கூடாது என்று துடித்த இளம் ராணுவ அதிகாரிகள் சிலர் அன்றிரவே அரண்மனைக்குள் புகுந்து அந்தத் தட்டுகளைத் தேடினார்கள். அரண்மனை ஊழியர் ஒருவர் அவற்றை ஒரு சின்னப் பெட்டகத்தில் ஒளித்துவைத்திருந்தார். கிடைத்திருந்தால் மறுநாள் கதை எப்படிப் போயிருக்குமோ!

பேரரசரின் குரலைப் பொதுமக்கள் அதற்கு முன் கேட்டதே கிடையாது. கேட்டபோதும் பலருக்குப் புரியவில்லை. பேச்சு பழைய அரசவை நடையில் இருந்தது, போதாக்குறைக்கு வானொலியில் கரகரப்பு வேறு. தெருவில் கூடிநின்ற ஜனங்களுக்கு யாரோ கல்வெட்டைப் படித்துக்காட்டினால் எப்படி இருக்கும்? 'தோற்றோம்' என்றோ 'சரணடைகிறோம்' என்றோ அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. போர் நிலவரம் நமக்குச் சாதகமாகவே அமைந்துவிட்டதாகச் சொல்ல முடியாது, தாங்க முடியாததைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்கிற பாணியில் போகும். பின்னால் அறிவிப்பாளர் விளக்கிய பிறகுதான் பலருக்கு விஷயம் விளங்கியது. இன்னும் கடினமாகப் போரிடச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டவர்களும் உண்டு. அழுதவர்கள் நிறைய. இனி இரவில் விளக்குப் போடலாம் என்று மனதுக்குள் நிம்மதியானவர்களும் அதே கூட்டத்தில்தான் நின்றிருந்தார்கள்.

அணுகுண்டு போட்டதாலதானே தோத்தாங்க?

அது ஒரு காரணம். ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா, 9 நாகசாகி. இரண்டுக்கும் நடுவே, 8-ஆம் தேதி சோவியத் யூனியன் போர் அறிவித்து, சீனாவின் வடகிழக்கில் ஜப்பான் பிடித்துவைத்திருந்த மஞ்சூரியாவுக்குள் மறுநாளே இறங்கியது. சமாதானத்துக்கு மாஸ்கோ தரகு செய்யும் என்று நம்பிக்கொண்டிருந்த டோக்கியோவுக்கு அது குண்டுக்குச் சளைக்காத அடி. இரண்டில் எது தீர்மானித்தது என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள்.

ஆனால் அதற்கு முன்பே நாடு சாம்பலாகியிருந்தது. 1945 மார்ச் 10 அதிகாலையில் டோக்கியோவின் கீழ்ப்பகுதிகள் மேல் தீக்குண்டுகள் பொழிந்தன. மரமும் காகிதமுமாகக் கட்டிய வீடுகளில் ஒரே இரவில் ஏறத்தாழ 1 லட்சம் பேர் இறந்தார்கள். இப்படி 60-க்கும் மேற்பட்ட நகரங்கள் எரிந்தன. சரக்குக் கப்பல்களில் பெரும்பகுதி மூழ்கிவிட்டதால் எண்ணெயும் வரவில்லை, அரிசியும் வரவில்லை. மார்ச் 10 பற்றி நம் ஊரில் யாருக்கும் தெரியாமல் இருப்பது எனக்கு ஒவ்வொரு பேட்சிலும் ஆச்சரியம்தான்.

அமெரிக்காகாரன் வந்ததும் பழிவாங்கலையா? ஜனங்க எதிர்த்துச் சண்டை போடலையா?

பெரிய எதிர்ப்பு எதுவும் இல்லை. ஆகஸ்ட் 30 அன்று நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி, அமெரிக்க ஜெனரல் மெக்ஆர்தர் அட்சுகி விமானதளத்தில் வந்திறங்கினார். டோக்கியோவில் எரியாமல் நின்ற ஒரு காப்பீட்டு நிறுவனக் கட்டடத்தை அலுவலகமாக்கிக்கொண்டு, 1951 ஏப்ரலில் பதவி பறிக்கப்படும்வரை அங்கிருந்தே ஆண்டார். நேரடியாக அல்ல: ஜப்பானிய அரசும் அதிகாரிகளும் அப்படியே இருந்தார்கள், உத்தரவு மட்டும் அவரிடமிருந்து வரும்.

செப்டம்பர் கடைசியில் ஒரு புகைப்படம் வந்தது. கழுத்துப்பட்டை இல்லாமல், இடுப்பில் கைவைத்து நிற்கும் நெட்டையான மெக்ஆர்தர். பக்கத்தில் முழு மரியாதை உடையில், விறைப்பாக, குள்ளமாகப் பேரரசர். ஜப்பானிய உள்துறை அந்தப் படம் போட்ட பத்திரிகைகளைத் தடுக்கப் பார்த்தது, அமெரிக்கர்கள் வெளியிடவைத்தார்கள். வானொலி உரை புரியாதவர்களுக்கும் அந்தப் படம் புரிந்தது. அதற்குள் மக்கள் அடுத்த வேலைக்குப் போயிருந்தார்கள். அக்டோபர் ஆரம்பத்தில் வெளிவந்த 32 பக்க ஆங்கில உரையாடல் கையேடு ஒன்று லட்சக்கணக்கில் விற்றுத் தீர்ந்தது. சில மாதம் முன்புவரை அது எதிரியின் மொழி.

சாப்பாட்டுக்கு என்ன பண்ணினாங்க?

இந்தக் கேள்வியை யாராவது முதலிலேயே கேட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். 1945-க்குப் பிறகான மூன்று நான்கு வருஷத்தில் பெரும்பாலானவர்களின் தலைக்குள் ஓடியது ஜனநாயகமும் இல்லை, புனரமைப்பும் இல்லை, அடுத்த வேளைச் சோறுதான். கொரியாவிலிருந்தும் தைவானிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. உள்நாட்டு அறுவடை பல பத்தாண்டுகளில் காணாத அளவுக்குப் பொய்த்தது. ரேஷனில் ஒரு ஆளுக்கு நாளைக்கு ஏறத்தாழ 300 கிராம் அரிசி என்பது காகிதக் கணக்கு. நிஜத்தில் நாள்கணக்கில் தாமதமாகும், அரிசிக்குப் பதில் சர்க்கரைவள்ளிக் கிழங்கோ சோளமாவோ வரும். ஆகவே எல்லோரும் 'யாமிஇச்சி' என்ற கள்ளச்சந்தைக்குப் போனார்கள். டோக்கியோவின் ஷிஞ்ஜுகு பகுதியில் சரணாகதி முடிந்த சில நாளிலேயே மின்விளக்குத் தோரணத்தோடு ஒரு சந்தை திறந்துவிட்டது. ராணுவ ஆர்டர் நின்றுபோன பட்டறைகள் இரும்புத் தொப்பியைத் தட்டிச் சமையல் பாத்திரமாக்கி அங்கே விற்றன.

நகரத்துக் குடும்பங்கள் பெட்டியிலிருந்த பட்டு கிமோனோவைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, ஜன்னலிலும் கூரையிலும் ஆள் தொங்கும் ரயிலேறி, கிராமத்துக்குப் போகும். கல்யாணக் கிமோனோவைக் கொடுத்துவிட்டு அரிசியோ கிழங்கோ வாங்கிவரும். திரும்பும் வழியில் போலீஸ் சோதனை போட்டால் அதுவும் போச்சு. இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'தகெனோகோ வாழ்க்கை'. தகெனோகோ என்றால் மூங்கில் குருத்து. தின்ன வேண்டுமானால் மடல் மடலாக உரிக்க வேண்டும். அப்படி உடம்பில் இருக்கும் துணியை ஒவ்வொன்றாக உரித்துத் தின்கிறோம் என்று அர்த்தம். இன்னும் கசப்பான ஆட்கள் இதை 'வெங்காய வாழ்க்கை' என்றார்கள், உரிக்க உரிக்கக் கண்ணீர் வருவதால்.

யமாகுச்சி யோஷிதடா என்று டோக்கியோவில் ஒரு நீதிபதி. கள்ளச்சந்தையில் வாங்கிப் பிடிபட்டவர்களின் வழக்குகள் அவரிடம் வரும். தண்டிக்கிற நானே அதைத் தின்பதா என்று ரேஷனை மட்டும் உண்பதென்று முடிவெடுத்தார். அதிலும் பெரும்பங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். 1947 அக்டோபரில் ஊட்டச்சத்துக் குறைவால் இறந்தார், வயது 33. அவரைப் புகழ்ந்தவர்கள் உண்டு, பிழைக்கத் தெரியாதவர் என்றவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், சட்டத்தை மதித்தால் உயிரோடு இருக்க முடியாது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

கையில காசு இருந்தவங்க சமாளிச்சிருப்பாங்களே?

விலைவாசி காசைத் தின்றது. 1946 பிப்ரவரியில் அரசு வங்கிக் கணக்குகளை முடக்கி, பழைய நோட்டைச் செல்லாததாக்கிப் புது யென் கொண்டுவந்தது. குடும்பத் தலைவர் மாதம் 300 யென், மற்றவர்களுக்குத் தலைக்கு 100 யென், அவ்வளவுதான் எடுக்கலாம். புது நோட்டு அடித்து முடியாததால் பழைய நோட்டிலேயே ஒரு வில்லையை ஒட்டிப் புழங்கவிட்டார்கள். சேமிப்பு வைத்திருந்த நடுத்தர வர்க்கம் இதில் மூழ்கியது. நிலமும் நெல்லும் இருந்தவர்தான் அன்றைக்குப் பணக்காரர்.

வெளிநாட்டுல மாட்டிக்கிட்ட ஜப்பான்காரங்க என்ன ஆனாங்க?

போர் முடிந்தபோது படைவீரரும் குடிமக்களுமாக 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நாட்டுக்கு வெளியே இருந்தார்கள். மஞ்சூரியாவில் நிலம் தருவதாகச் சொல்லி அனுப்பப்பட்ட ஏழை விவசாயிகளைக் காக்க வேண்டிய ராணுவம் முதலில் பின்வாங்கியது. பெண்களும் கிழவர்களும் குழந்தைகளும் நடந்தே வந்தார்கள். வழியில் பல குழந்தைகள் சீனக் குடும்பங்களிடம் விடப்பட்டன. சோவியத் படை ஏறத்தாழ 6 லட்சம் வீரர்களை சைபீரியாவுக்கு வேலைக்குக் கொண்டுபோனது. பத்தில் ஒருவர் போல அங்கேயே இறந்தார். மிஞ்சியவர்களில் கடைசி ஆட்கள் மாய்சுரு துறைமுகத்தில் வந்திறங்க 1956 ஆகிவிட்டது.

பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தாங்க? பழைய பாடம்லாம் போர்ப் பாட்டுதானே?

அதே புத்தகம்தான், ஆனால் மையோடு. 1945 செப்டம்பரில் கல்வி அமைச்சகம் உத்தரவு போட்டது. ஆசிரியர் பக்கமும் வரியும் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் தூரிகையை மையில் தோய்த்து அந்த வரிகளைக் கறுப்படித்தார்கள். போர்க்கப்பல், வீர மரணம், எல்லாம் போனது. சில பக்கங்களில் கறுப்புப் பட்டைகளுக்கு நடுவே ஒன்றிரண்டு வரி மட்டும் மிஞ்சியது. மை மெல்லிசாக இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அடியில் இருப்பதைப் படிக்கலாம். ஆறு மாதம் முன்பு அந்த வரிகளை நெட்டுருப் போடாததற்கு அடித்த அதே வாத்தியார் இன்று அழிக்கச் சொல்கிறார். பெரியவர்கள் சொல்வதை நம்பக்கூடாது என்று தாங்கள் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான் என்று அந்தத் தலைமுறையில் பலர் பின்னாளில் எழுதியிருக்கிறார்கள். 1946-இல் வந்த புதுப் புத்தகங்கள் செய்தித்தாள் மாதிரி மடித்த தாள்களாக வந்தன. பிள்ளைகளே வெட்டித் தைத்துக்கொள்ள வேண்டும்.

பள்ளிக்கே போகாத பிள்ளைகளும் இருந்தார்கள். 1948-இல் அரசு எடுத்த கணக்கில் பெற்றோர் இல்லாத பிள்ளைகள் 1,23,000-க்கு மேல். டோக்கியோவின் உவேனோ ரயில் நிலையச் சுரங்கப்பாதையில் படுத்து, ஷூ துடைத்தும் சிகரெட் துண்டு பொறுக்கியும் வாழ்ந்தவர்கள். போலீஸ் அவர்களைப் பிடித்து லாரியில் ஏற்றும்போது எண்ணிய விதம் ஒன்று உண்டு: ஜப்பானிய மொழியில் மனிதரை எண்ண ஒரு விகுதி, விலங்கை எண்ண வேறு. இவர்களை 'இப்பிகி, நிஹிகி' என்று விலங்குக் கணக்கில் எண்ணினார்கள். எண்ணுப் பெயர் பாடம் வரும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

குண்டு விழுந்த ஊர்க்காரங்களை நாடே தலைல வெச்சுத் தாங்கியிருக்குமே?

இல்லை. ஹிரோஷிமாவில் மூன்றாம் நாளே டிராம் வண்டி ஒரு சின்னத் தூரம் ஓடியது என்பது உண்மை, எல்லோரும் பெருமையாகச் சொல்வதும் அதைத்தான். ஆனால் அமெரிக்கத் தணிக்கை இருந்தவரை குண்டின் விளைவைப் பற்றி வெளிப்படையாக எழுத முடியவில்லை. பாதிக்கப்பட்டவர்களான 'ஹிபாகுஷா'வுக்குக் கல்யாணத்திலும் வேலையிலும் கதவு சாத்தப்பட்டது. பிள்ளை ஊனமாகப் பிறக்கும், நோய் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். தாங்கள் அந்த ஊர் என்பதையே மறைத்து வாழ்ந்தவர்கள் ஏராளம். அவர்களுக்கான மருத்துவச் சட்டம் 1957-இல்தான் வந்தது.

பொம்பளைங்களுக்கு இதுல ஏதாவது நல்லது நடந்துச்சா?

நடந்தது, ஆனால் தொடக்கம் அசிங்கம். சரணடைந்த சில நாளுக்குள் ஜப்பானிய அரசே, வரப்போகும் அந்நியச் சிப்பாய்களுக்காக விபச்சார விடுதிகள் நடத்த ஏற்பாடு செய்தது. 'நல்ல குடும்பத்துப் பெண்களை'க் காப்பாற்ற என்று காரணம் சொல்லி, வேறு வழியில்லாத ஏழைப் பெண்களை அங்கே சேர்த்தார்கள். நோய் பரவுகிறது என்று 1946 ஆரம்பத்தில் அமெரிக்கர்கள் மூடவைத்ததும் அந்தப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள்.

அதே 1946 ஏப்ரல் 10-இல் பெண்கள் முதல்முறை வாக்களித்தார்கள், 39 பெண்கள் நாடாளுமன்றம் போனார்கள். திருமணத்தில் கணவன் மனைவிக்குச் சம உரிமை என்ற அரசியலமைப்புப் பிரிவை எழுதியவர் பியாட்டே சிரோட்டா, வயது 22. டோக்கியோவில் வளர்ந்தவர், ஜப்பானியம் சரளமாகப் பேசுவார். சம்மதம் கேட்காமல் கட்டிக்கொடுக்கப்படும் பெண்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்.

அந்தச் சட்டத்தை அமெரிக்காகாரன் எழுதிக்கொடுத்தான்னா, அது எப்படி அவங்க சட்டம் ஆகும்?

அங்கேயும் இதே கேள்வியை இன்றுவரை கேட்கிறார்கள். ஜப்பானிய அரசு முதலில் தயாரித்த வரைவு பழையதற்கு வெள்ளையடித்த மாதிரி இருந்ததால், 1946 பிப்ரவரியில் மெக்ஆர்தரின் ஆட்கள் ஏறத்தாழ ஒரு வாரத்தில் புதிதாக எழுதிக் கையில் கொடுத்தார்கள். நாடாளுமன்றம் விவாதித்துச் சில திருத்தங்களோடு ஏற்றது. 1947 மே 3 முதல் நடைமுறை. போரையும் படையையும் துறக்கும் 9-ஆம் பிரிவு அதில்தான் இருக்கிறது. கொரியப் போர் வந்ததும் அமெரிக்காவே மனம் மாறி 75,000 பேர் கொண்ட 'போலீஸ்' படையை அமைக்கச் சொன்னது, அதுதான் 1954-இல் தற்காப்புப் படை ஆனது. ஆனாலும் அந்தச் சட்டத்தில் இதுவரை ஓர் எழுத்தும் மாறவில்லை. மகன்களைப் பறிகொடுத்த தலைமுறைக்கு அது யார் எழுதியது என்பது இரண்டாம் பட்சம்.

ஜப்பான்ல ஸ்ட்ரைக் பண்ணினா கூடுதலா வேலை செய்வாங்களாமே? ஒத்தைக் கால் ஷூ மட்டும் செஞ்சு அடுக்கிடுவாங்களாமே?

நம் மேடைப் பேச்சாளர்களின் அன்பளிப்பு இது. பள்ளி ஆண்டுவிழாவில் நானும் கேட்டிருக்கிறேன். உண்மையில் அந்தக் காலத்து ஜப்பானில் வேலைநிறுத்தம் கடுமையாக நடந்தது. 1947 பிப்ரவரி 1-இல் லட்சக்கணக்கான அரசு ஊழியர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்யவிருந்தார்கள். முந்தைய நாள் மெக்ஆர்தர் தடைபோட்டார். போராட்டத் தலைவர் ஈ யஷிரோ வானொலியில் அழுதுகொண்டே ரத்தை அறிவித்தார். 1948-இல் டோக்கியோவில் ஒரு சினிமா ஸ்டுடியோவைத் தொழிலாளர்கள் பிடித்து உட்கார்ந்தபோது, வெளியேற்ற வந்த போலீசுக்குத் துணையாக அமெரிக்க டாங்கியும் விமானமும் வந்தன. வராதது போர்க்கப்பல் மட்டும்தான் என்பது அங்கே பிரபலமான கேலி. 1960-இல் மீகே நிலக்கரிச் சுரங்கத்தில் ஆட்குறைப்பை எதிர்த்துப் பத்து மாதம் போல இழுபறி நடந்தது. யாரும் ஒற்றைக் கால் ஷூ தைக்கவில்லை.

சரி, அப்போ எப்படித்தான் எழுந்தாங்க? உழைப்புதானே காரணம்?

உழைத்தார்கள், மறுக்கவில்லை. 1946-இல் ஹமமட்சுவில் ஹோண்டா சோய்சிரோ, ராணுவ வானொலிக் கருவிகளுக்கான சின்ன எஞ்சின்களை வாங்கி சைக்கிளில் பொருத்தி விற்றார். நான் மேலே சொன்ன அரிசி தேடும் பயணத்துக்கு அது உதவும் என்பதால் நன்றாக ஓடியது. பிற்பாடு சோனி ஆன நிறுவனத்தின் ஆட்கள் முதலில் மரத்தொட்டியில் மின்சாரச் சோற்றுப்பானை செய்து பார்த்தார்கள், சோறு ஒன்று குழைந்தது அல்லது வேகவில்லை. ஆனால் உழைப்பு 1945-க்கு முன்பும் இருந்ததே? என்ன மாறியது என்று பாருங்கள்.

முதலாவது நிலம். ஊரில் இல்லாத பண்ணையாரின் குத்தகை நிலம் முழுவதையும், ஊரில் இருப்பவரிடம் பெரும்பாலான இடங்களில் ஏறத்தாழ 1 ஹெக்டேருக்கு மேல் இருந்ததையும் அரசு வாங்கி உழுதவருக்கு விற்றது. பணவீக்கத்தில் அந்த விலை ஒன்றுமில்லாமல் போனது. குத்தகை நிலம் மொத்தத்தில் 46 சதவீதத்திலிருந்து 10 சதவீதம் அளவுக்கு இறங்கியது. இரண்டாவது, கொடூரமான அதிர்ஷ்டம். 1949-இல் அமெரிக்க வங்கியாளர் டாட்ஜ் கொண்டுவந்த சிக்கனத் திட்டத்தில் (டாலருக்கு 360 யென் என்று கட்டியதும் அப்போதுதான்) கம்பெனிகள் திணறின. டொயோட்டா திவாலின் விளிம்புக்குப் போய், வேலைநிறுத்தம் வெடித்து, 2,000-க்கும் மேற்பட்டோர் வேலையிழந்து, நிறுவனர் டொயோடா கீய்சிரோ 1950 ஜூன் ஆரம்பத்தில் பதவி விலகினார். மூன்றே வாரத்தில் கொரியாவில் போர். அமெரிக்க ராணுவம் ஆயிரக்கணக்கில் லாரி கேட்டு வந்தது. பக்கத்து வீடு எரிந்த வெளிச்சத்தில் நம் வீட்டுக் கணக்கு சரியானது. அந்த வீட்டை 35 வருஷம் ஆண்டவர்களும் இவர்களே என்பதைக் கொரியர்கள் மறக்கவில்லை.

ராஜாவை மட்டும் ஏன் விட்டுட்டாங்க?

அவரை வைத்து ஆள்வது எளிது என்று மெக்ஆர்தர் கணக்குப் போட்டார். டோக்கியோவில் நேச நாடுகள் நடத்திய போர்க்குற்ற விசாரணையில் முன்னாள் பிரதமர் டோஜோ உட்பட 7 பேர் 1948 டிசம்பர் 23-இல் தூக்கிலிடப்பட்டார்கள். பேரரசர் சாட்சியாகக்கூட அழைக்கப்படவில்லை. தான் கடவுள் இல்லை என்ற பொருளில் 1946 புத்தாண்டில் அறிவித்துவிட்டு, 1989-இல் இறக்கும்வரை அரியணையில் இருந்தார். மேலே இருந்தவர் பொறுப்பேற்காதபோது கீழே இருந்தவன் ஏன் ஏற்க வேண்டும் என்று பலர் நினைத்தார்கள். அதன் பலனை அடுத்த கேள்வியில் பாருங்கள்.

நம்ம ஆளுங்களை சயாம் ரயில்பாதையில கொன்னாங்களே, அதுக்குப் பதில் சொன்னாங்களா?

மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் 1942-43-இல் ஜப்பானிய ராணுவம் போட்ட 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா (இன்றைய தாய்லாந்து–மியான்மர்) ரயில்பாதையில் பல்லாயிரக்கணக்கில் மாண்டார்கள். காலரா, பட்டினி, அடி. வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் கல்லறைத் தோட்டங்கள் இருக்கின்றன, இவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்ப் பட்டியல்கூடக் கிடையாது. இந்தியா 1952 ஜூன் 9-இல் தனி ஒப்பந்தம் போட்டு இழப்பீட்டை விட்டுக்கொடுத்தது. இலங்கையின் ஜே.ஆர். ஜயவர்தன 1951-இல் சான் பிரான்சிஸ்கோவில், பகையைப் பகை தணிக்காது என்ற புத்தர் வாக்கைச் சொல்லி அதையே செய்தார். அரசுகளுக்கு அது ராஜதந்திரம். இறந்த கூலியின் மனைவியிடம் யாரும் கேட்கவில்லை.

அந்த டோக்கியோ விசாரணையில் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரும் நிரபராதி என்று தீர்ப்பெழுதிய இந்திய நீதிபதி ராதாவினோத் பாலை ஜப்பானில் சிலர் கொண்டாடுவார்கள். அவர் அட்டூழியங்கள் நடந்ததை மறுக்கவில்லை. வென்றவர்கள் பின்னால் எழுதிய சட்டத்தில் தண்டிப்பதைத்தான் மறுத்தார். இந்தப் பாதியை, போரில் இறந்தவர்களை வழிபடும் யாசுகுனி ஆலயத்துக்குப் போகும்போது மறந்துவிடுகிறார்கள்.

அப்போ அவங்களுக்குப் போர் நிஜமா எப்போதான் முடிஞ்சுது?

1952 ஏப்ரல் 28-இல் அமெரிக்கர்களின் ஆக்கிரமிப்பு முடிந்தது. 1956-இல் அரசின் பொருளாதார வெள்ளை அறிக்கை 'இனி இது போருக்குப் பிந்தைய காலம் அல்ல' என்றது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தீபம் ஏற்றியவர், குண்டு விழுந்த அதே நாளில் ஹிரோஷிமா மாவட்டத்தில் பிறந்த ஓர் இளைஞர். பலர் இந்தக் காட்சியோடு கதையை முடித்துவிடுவார்கள்.

தெற்கே இருக்கும் ஒகினாவா தீவுகளில் கேட்டால் வேறு பதில் வரும். அந்த ஏப்ரல் 28 அவர்களுக்கு 'அவமான நாள்', ஏனென்றால் நாடு விடுதலையாகும்போது தங்களை அமெரிக்காவிடம் விட்டுவிட்டார்கள். திரும்பக் கிடைத்தது 1972 மே 15-இல். அதற்கப்புறமும் ஆறு வருஷம் அங்கே வண்டிகள் அமெரிக்க முறைப்படி சாலையின் வலப்பக்கமே ஓடின. 1978 ஜூலை 30 காலை 6 மணிக்குத்தான் இடப்பக்கம் மாறின.